வரப்புப் புல்லுக்குக் கொடுத்த விலை

பால் சங்கத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கச்சிகளுக்கும்,

நான் செய்ததை எல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் பீற்றிக்கொள்கிறான் என்பீர்கள். முதலில் சொன்னாலும் அப்படித்தான் சொல்வீர்கள். சொல்லுங்கள், எனக்கொன்றும் குறைந்துவிடாது.

நீங்கள் பால் அளக்கிற கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டியவன் நான். கடப்பாரை பிடித்துத் தோண்டினேன். திறப்பு விழாவில் நாடா வெட்டியவர்கள் வேறு. பால் லாரி திரும்புகிற அந்த வளைவு முன்பு முழங்கால் சேறு. சூளையில் உடைந்த செங்கல்லைக் கெஞ்சி வாங்கி, வண்டி வண்டியாகக் கொட்டி, லாரி வருகிற பாதையாக ஆக்கியது நான். மாட்டாஸ்பத்திரியின் கிளை எங்கள் ஊருக்கு வந்தது, நான் தஞ்சாவூருக்கு நடையாய் நடந்து அதிகாரிகள் உயிரை எடுத்ததால். கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவே, அப்போது பஸ்கூட நிற்காத ஊர். அதிலும் ஒரு குழி நிலம் சொந்தமில்லாத எங்கள் தெரு. இன்றைக்கு அந்தத் தெருவில் மாடு இல்லாத வீடு இல்லை. என் படிப்பு மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் பண்ணை மாடு மேய்க்கப் போய்விட்டேன். என் மகள் கால்நடை மருத்துவம் படித்து வேலையில் இருக்கிறாள். இதெல்லாம் தானாக நடந்ததா?

பால் சங்கப் பொறுப்பை விட்டு இறங்கி வருஷம் பல ஆகிவிட்டது. ஆனாலும் காலையில் கேன் சத்தம் கேட்டால் எனக்கு இருப்புக் கொள்வதில்லை. எழுந்து வந்து வாசலில் நின்று நீங்கள் வேலை செய்வதைப் பார்க்கிறேன். கொழுப்பு பார்க்கிறீர்கள், சத்து பார்க்கிறீர்கள், மெஷினில் சீட்டு அடித்துக் கொடுக்கிறீர்கள். எல்லாம் சரி. பால் ஊற்ற வருகிற பெண்ணிடம் “மாடு சினையா?” என்று உங்களில் ஒருவராவது கேட்டீர்களா? ஒரு வாரம் நின்று பார்த்தேன். ஒருவரும் கேட்கவில்லை. அன்றைக்கே வீட்டுக்குப் போய் இதை எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்து எழுதுவது எனக்குப் பெரிய தண்டனை. நாலு வரிக்கு ஒரு தடவை எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வருகிறேன். எழுத்து அங்கங்கே துள்ளினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாடு வளர்ப்பது லாபமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். அதற்குப் பதில் எனக்குத் தெரியும். பதினொரு மாட்டைக் கெடுத்துத் தெரிந்துகொண்டேன்.

ஆட்சி மாறி, எங்கள் ஆட்களின் துண்டு இடுப்பிலிருந்து தோளுக்கு ஏறியிருந்த காலம் அது. குடியிருக்கிற மனை குடியிருப்பவனுக்கே என்று சட்டம் வந்தது. அதற்கு முன்னால் குடிசைக்குப் பக்கத்தில் நாலு கால் நட்டுக் கொட்டகை போடுவதற்கும் பெரிய பண்ணையின் உத்தரவு வேண்டும். பெரிய பண்ணை என்று நாங்கள் சொல்வது ஒரு ஆளை. ஊர் நிலத்தில் பாதிக்கு மேல் அவர் குடும்பத்துக்குச் சொந்தம். எங்கள் தெருவே அவர் வயலில்தான் நாற்றுப் பறித்து, நட்டு, அறுத்துச் சாப்பிட்டது. நானும்தான். விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் எங்கள் தெருவுக்கு நான் பிரதிநிதி. அறிவாளி என்று ஆக்கவில்லை, குரல் பெரிசு என்று ஆக்கினார்கள்.

மனை சொந்தமானதும் எனக்கு ஒரு வெறி வந்தது. பாங்கில் கறவை மாட்டுக் கடன் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். மேனேஜர் ரூம் வாசலில் எத்தனை நாள் நின்றிருப்பேன் என்று எனக்கே தெரியாது. பதினொரு வீட்டுப் பெண்கள் பேரில் கடன் வாங்கி, ஈரோட்டுப் பக்கம் போய், கன்றோடு பதினொரு ஜெர்சி கலப்பு மாடுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினேன். பங்குனி மாசம். பெரிய பண்ணை வேடிக்கை பார்க்க வந்தார்.

“நாத்துக்கட்டு தூக்குறவன் வூட்ல ஜெர்சியா? ஒரு மழைக்குத் தாங்காதுடா.”

“மழைக்கு நாங்க தாங்குறோம்ல ஐயா, அதுவும் தாங்கும்” என்றேன். தெரு சிரித்தது. எனக்கும் தலை கொஞ்சம் வீங்கிவிட்டது.

பால் என்றால் அப்படிப் பால். இரண்டு வேளையும் கேன் நுரை தள்ளும். கேன் நிரம்பினால் எனக்கு வயிறு நிரம்பின மாதிரி. வருகிறவன் போகிறவனை எல்லாம் கூப்பிட்டுக் கேனைத் திறந்து காட்டுவேன். மூன்றாவது மாசம் ஆஸ்பத்திரி கம்பவுண்டர் சைக்கிளில் வந்து, “மாடெல்லாம் பருவத்துக்கு வர்ற நேரம். சினை ஊசி போட்டுடலாமா?” என்றார்.

நான் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன், வெட்கப்படாமல். “இப்ப வேணாம் சார். சினை புடிச்சா பால் வத்திடும். நல்லாக் கறக்குற மாட்டை எதுக்குக் கெடுக்கணும்?”

தெருவிலும் அதையே உத்தரவாகச் சொல்லிவிட்டேன். அஞ்சலை என்று எனக்கு அண்ணி, என் அண்ணன் மனைவி. நடவு, அறுப்பு எதுவானாலும் எங்கள் தெருப் பெண்களுக்கு அவள்தான் தலைமை. அவள் வாய்க்கு ஆம்பிளைகள் ஒதுங்கிப் போவார்கள். ஒரு நாள் அவள் வந்து, “தம்பி, மாடு காலையிலேருந்து கத்திக்கிட்டே கெடக்குது. தீனி வெச்சா மோந்துகூடப் பாக்கல. பின்னாடி கண்ணாடியாட்டம் ஒழுகுது. கம்பவுண்டரைக் கூப்பிடட்டுமா?” என்றாள்.

“வெயிலுக்குக் கத்துது அண்ணி. கழுநீர் காட்டுங்க” என்றேன்.

“கழுநீரு உனக்குத்தான் காட்டணும்” என்று முணுமுணுத்துக்கொண்டு போனாள்.

அப்புறம் சம்பா நடவு வந்துவிட்டது. நடவு என்றால் பெண்கள் விடிந்ததும் இறங்கினால் பொழுது சாய்ந்துதான் கரையேறுவார்கள். மாடு பருவத்தில் இருப்பது ஒரு பகல்கூட முழுசாக இல்லை. அந்தப் பகலில் வீட்டில் ஆள் இல்லை. மாடு கத்தினது யார் காதில் விழும்? ஊசியே வேண்டாம் என்று முதலில் நான் தள்ளிப்போட்டேன். பிறகு போடலாம் என்று நினைத்தபோது பார்க்க ஆளில்லை. மார்கழி பிறக்கும்போது பதினொரு மடியும் வற்றியிருந்தன. ஒன்று, இரண்டு என்று வற்றியிருந்தால் சமாளித்திருக்கலாம். எல்லாம் ஒரே சமயத்தில் வாங்கி வந்த மாடு, ஒரே சமயத்தில் நின்றுவிட்டது. கேனைக் கவிழ்த்து வைத்தேன்.

மாட்டு டாக்டர் ஒருவர் இருந்தார். பெயர் சொல்ல மாட்டேன், அவருக்கு விளம்பரம் பிடிக்காது. பதினொரு மாட்டுக்கும் தோள் வரைக்கும் கையை விட்டுப் பார்த்தார். பார்த்துவிட்டு வாய்க்காலில் இறங்கிக் கை கழுவினார். நான் கரையில் நின்றேன்.

“ஒண்ணுகூட சினை இல்லப்பா.”

“வியாதிங்களா சார்?”

“வியாதி உனக்குத்தான்.” திரும்பிப் பார்க்காமலே சொன்னார். “பால் கேன்ல இருக்குன்னு நினைச்சிட்டே. பால் அடுத்த கன்னுல இருக்கு. வருஷத்துக்கு ஒரு கன்னு போடாத மாடு, எவ்வளவு கறந்தாலும் உன்னைத் தின்னுட்டுத்தான் போகும்.”

“இப்பவே ஊசி போட்டுடலாமுங்களா?”

“விலா எலும்பை எண்ணிப் பாத்தியா? நனைஞ்சு மக்கின குறுவை வைக்கோலைத் தின்னுட்டு எது பருவத்துக்கு வரும்? ரெண்டு மாசம் பச்சை போடு. உளுந்தங்கொடி கிடைச்சாப் போடு. அப்புறம் என்னைக் கூப்பிடு.”

கேட்டுக்கொள்ளுங்கள் பிள்ளைகளே. நிலமுள்ளவனுக்கு மாடு லாபம் தருவது பெரிய வித்தையில்லை. தீவனம் அவன் வயலில் முளைக்கிறது. நிலமில்லாதவன் தீவனத்தைக் காசு கொடுத்து வாங்கினால் பால் காசு முழுக்கத் தீவனக் கடைக்குப் போய்விடும். எங்களுக்கு இருந்த பச்சை ஒன்றே ஒன்றுதான், வரப்புப் புல். வேலை முடிந்து வரும்போது பெண்கள் ஆளுக்கொரு கட்டு அறுத்துத் தலையில் வைத்துக்கொண்டு வருவார்கள். அதற்கு யாரிடமும் கேட்டதில்லை, யாரும் தடுத்ததுமில்லை.

அந்த மார்கழியில்தான் தடுத்தார்கள்.

சம்பா அறுப்புக்கு முன்னால் கூலித் தகராறு. அறுத்து அடிக்கிற ஒவ்வொரு கலத்துக்கும், அதாவது பன்னிரண்டு மரக்காலுக்கு, அரைப்படி நெல் கூடுதலாக வேண்டும் என்று தொழிலாளர் சங்கம் கேட்டது. இல்லையென்றால் அரிவாளைத் தொட மாட்டோம் என்றோம். மிராசுதார்கள் சேர்ந்து கூட்டம் போட்டுப் பதிலுக்குத் தண்டோராப் போட்டார்கள்: கூலி கேட்கிறவன் வரப்பில் கால் வைக்கக் கூடாது. மறுநாள் அஞ்சலை அண்ணி அறுத்த புல்லுக்கட்டைப் பண்ணைக் காவல்காரன் பிடுங்கி வாய்க்காலில் எறிந்தான். அவள் இரண்டு வரப்பு தூரம் அவன் வம்சத்தையே திட்டிக்கொண்டு துரத்தினாள். ஆனால் புல் போனது போனதுதான். வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கப் போகிறார்கள் என்று பேச்சு. பள்ளிக்கூட வாசலில் போலீஸ் வேன் வந்து நின்றது. தெருவில் ஆம்பிளைகள் சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் நடந்துகொண்டே இருந்தார்கள். நானும் நடந்தேன். நடக்கிற பக்கமெல்லாம் மாடு வெறும் தொட்டியை நக்கிக்கொண்டிருந்தது.

தாலுகா ஆபீசில் பேச்சுவார்த்தை என்று நாள் குறித்தார்கள். அன்று காலையில், நான் கிளம்புகிற நேரம், மாட்டுத் தரகர் ஒருவர் தெருவுக்குள் வந்தார். வீடு வீடாகப் போய்த் துண்டை விரித்தார். சந்தையில் பார்த்திருப்பீர்கள். வாங்குகிறவன் கையும் விற்கிறவன் கையும் துண்டுக்குள் இருக்கும். வாயால் விலை சொல்ல மாட்டார்கள், விரலைப் பிடித்து அழுத்திச் சொல்வார்கள். பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு வீட்டில் தலையாட்டிவிட்டார்கள்.

“யாருக்குய்யா வாங்குற?” என்று கேட்டேன்.

“வத்துன மாட்டுக்கு மாப்பிள்ளை பேரெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்க முடியுமா? சாயந்தரம் கயித்தோட வர்றேன். இன்னும் நாலஞ்சு வீடு சேரும்.”

அவர் ஏற்றுகிற லாரி கசாப்புக்குத்தான் போகும் என்று எங்களுக்குத் தெரியும். மாடு போய்விடும், கடன் வீட்டிலேயே இருக்கும். இனி எங்கள் தெருவுக்கு எந்தப் பாங்கும் மாடு தராது. “அப்பவே சொன்னேனே” என்று பெரிய பண்ணை சிரிப்பார். சாயங்காலத்துக்குள் புல் வேண்டும். அதை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் தாலுகா ஆபீஸ் படியேறினேன்.

உள்ளே தாசில்தார் நடுவில். ஒரு பக்கம் மிராசுதார்கள், ஒரு பக்கம் நாங்கள். எங்களுக்குத் தலைவர் ஒரு தோழர். நல்ல மனுஷன், ஜெயிலுக்குப் போய் வந்தவர், காசுக்கு மயங்காதவர். அவர் அரைப்படியில் ஒரு நெல்மணி குறைக்க மாட்டேன் என்றார். அவர்கள் ஒரு மணி தர மாட்டோம் என்றார்கள். மத்தியானம் வரைக்கும் இதே. தாசில்தார் களைத்துப்போய் டீ குடித்துவிட்டு வாருங்கள் என்றார்.

வராந்தாவில் ஒரு தூணோரம் பெரிய பண்ணை தனியாக நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிழக்கே மேகம் கட்டியிருந்தது. அவர் நெல் முற்றித் தலைசாய்ந்து நின்றது, ஒரு மழை விழுந்தால் படுத்து முளைத்துவிடும்.

“தங்கராசு, இங்க வா.”

அதுவரைக்கும் அவர் வாயில் நான் ‘டேய்’தான். பேர் தெரியும் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

“உங்காளு அரைப்படிய விட மாட்டான். நான் ஒத்துக்கிட்டா மத்த மிராசுங்க என் மூஞ்சியில முழிக்க மாட்டாங்க. நெல்லு எனக்காகக் காத்துக்கிட்டு இருக்காது. வேற ஏதாவது கேளு.”

“புல்லு வேணுமுங்க” என்றேன்.

“என்னது?”

“வரப்புப் புல்லு, வாய்க்காக் கரைப் புல்லு. பங்குனியில அடிச்சு எடுத்தப்புறம் உளுந்தங்கொடி, பயத்தங்கொடி. உங்க நிலம் பூராவும் எங்க தெருப் பொம்பளைங்க அறுப்பாங்க, அள்ளுவாங்க. யாரும் ஏன்னு கேக்கப்படாது.”

“எத்தினி நாளைக்கு?”

“எங்க தெருவுல மாடு இருக்குற வரைக்கும்.”

அவர் சிரிக்கத்தான் செய்தார். ஆனால் மாடு தெரிந்த மனுஷன் அவர், சந்தைக்குத் தானே போய் வாங்குகிறவர். நான் கேட்டது எவ்வளவு பெரிசு என்று அவருக்குப் புரிந்தது. பக்கத்தில் மற்ற மிராசுதார்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள், காது மட்டும் எங்கள் பக்கம். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“துண்டைப் போடு.”

என் தோளில் இருந்த துண்டை எடுத்து என் கைமேல் விரித்தேன். அவர் கை உள்ளே வந்தது. நன்றாக யோசித்துப் பாருங்கள். அவர் வீட்டு மாட்டைப் பத்து வருஷம் மேய்த்தவன் நான். கூலி நெல்லைக்கூட என் கை படாமல் உயரத்திலிருந்து கொட்டுவார்கள். அந்தக் கை என் கையைப் பிடித்தது. 

அரைப்படி முழுவதையும் விட்டுவிடு என்று விரலை அழுத்தினார். முடியாது என்று விலக்கினேன். மறுபடியும் அழுத்தினார். நான் அவர் சுண்டுவிரலை மடக்கிப் பாதியில் நிறுத்தினேன். கால்படி. கால்படி கூடுதல் கூலி, அதோடு புல். அவர் பிடித்தபடியே இருந்தார். அப்போதுதான் எனக்கு ஒன்று தெரிந்தது. அவர் உள்ளங்கை நனைந்திருந்தது. என் வேர்வை இல்லை அது, அவருடையது. இந்த மனுஷன் பயந்துபோயிருக்கிறார். இன்னும் இரண்டு நாள் இழுத்தால் அரைப்படிக்கும் இறங்கி வருவார்.

எனக்கு அது தெரிந்தது. ஆனால் என்னிடம் இரண்டு நாள் இல்லை. தரகர் சாயங்காலம் வருகிறார். அவர் விரலை விட்டேன். பேரம் முடிந்தது.

அந்த ஈரக் கையை நான் தோழரிடம் சொல்லவில்லை. இதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது உங்களிடம்தான் சொல்கிறேன்.

உள்ளே போனோம். கலத்துக்குக் கால்படி கூடுதல் என்று பெரிய பண்ணை சொன்னார். தோழர் மறுக்க வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டு, “எங்க தெரு நாளைக்கு அறுப்புல இறங்கும்” என்றேன். அறுக்கிறவர்களில் முக்கால்வாசி எங்கள் தெரு. அதற்குமேல் பேச ஒன்றுமில்லை. தாசில்தார் அவசரமாக எழுதினார். புல்லையும் எழுதச் சொன்னேன். பெரிய பண்ணை, “புல்லையெல்லாம் சர்க்கார் காகிதத்துல எழுதுனா சிரிப்பாங்கய்யா. நான் சொன்னா சொன்னதுதான்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் விட்டுவிட்டேன். படிக்காதவன் செய்கிற தப்பு இது. வார்த்தை பெரிசு என்று நினைத்தேன். நீங்கள் படித்தவர்கள், எழுதி வாங்குங்கள். யார் சிரித்தாலும் எழுதி வாங்குங்கள்.

வெளியே வந்ததும் தோழர் என் சட்டையைப் பிடித்தார்.

“துண்டுக்குள்ள எதைய்யா வித்தே?”

“விக்கல தோழர், வாங்கினேன். புல்லு.”

“புல்லா? எத்தனை பேர் வயித்துல அடிச்சிட்டுப் புல்லு வாங்கியிருக்கே! ரெண்டு நாள், ரெண்டே நாள் பொறுத்திருந்தா அவன் கால்ல விழுந்து அரைப்படி குடுத்திருப்பான்.”

“ரெண்டு நாள்ல எங்க மாடு லாரியில இருக்கும் தோழர்.”

அவர் கையை எடுத்துவிட்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். “நீ மாட்டுக்குப் பிரதிநிதின்னு தெரியாமப் போச்சு” என்று சொல்லிவிட்டு நடந்தார். அந்த வாரமே என்னைத் தொழிலாளர் சங்கத்தை விட்டு நீக்கினார்கள். அவர் சாகிற வரைக்கும் என்னோடு பேசவில்லை.

ஊர் மதகடியில் பெண்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன். நான் நினைத்துப் போனது, கைதட்டுவார்கள் என்று.  அஞ்சலை அண்ணி எழுந்து வந்தாள்.

“எங்க கூலிய அளந்து மாட்டுக்குப் போட்டுட்டு வந்திருக்கே. எங்களை ஒரு வார்த்தை கேட்டியா?”

“கேக்க நேரமில்ல அண்ணி.”

“அறுக்குறது யாரு? நீயா? நீ களத்துல கட்டு தூக்குவே. குனிஞ்சு அறுக்குறது நாங்க. எங்க இடுப்புல இருந்து எடுத்துக் குடுக்க நீ யாரு தம்பி?”

  பேசிப் பிழைத்தவன் நான், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டேன்.

 அவள் இடுப்பில் செருகியிருந்த அரிவாளை உருவினாள். “குடுத்தது குடுத்தாச்சு. வாங்குனதையாவது அள்ளுவோம், வாங்கடி” என்று பண்ணை வரப்பில் இறங்கினாள். காவல்காரன் ஓடி வந்தான். “உங்க ஐயாவைப் போய்க் கேட்டுட்டு வா. ஓடிப் போ, நடந்து போனா நாங்க அறுத்து முடிச்சிருவோம்” என்றாள். பொழுது இறங்குவதற்குள் ஒவ்வொரு கொட்டகையிலும் ஒரு கட்டுப் பச்சை விழுந்தது.

தரகர் கயிற்றோடு வந்தார். தலையாட்டின இரண்டு வீட்டில் ஒன்று பின்வாங்கியது. இன்னொரு வீட்டில் கஷ்டம் அதிகம், மாடு போய்விட்டது. தெருமுனை வரைக்கும் அது திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனது. பதினொன்றில் பத்து நின்றன. ஒன்று போனது என்னால்.

அறுப்பு நடந்தது. கூலி அளக்கும்போது ஒவ்வொரு மரக்காலுக்கும் அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.  அறுப்பு முடிந்த அன்றைக்கு வந்து இரண்டு விஷயம் சொன்னாள். கேட்கவில்லை, சொன்னாள்.

“ஒண்ணு, எந்த மாட்டுக்கு எப்ப ஊசின்னு இனிமே நீ வாயைத் தொறக்கக் கூடாது. நாங்க சொல்லுவோம். ரெண்டு, நடவுக்குப் போறப்ப ஒருத்தி ஊட்டோட நிப்பா. அவ பங்கை நாங்க நட்டுடுவோம். கூலிய எல்லாரும் சமமாப் பிரிச்சுக்குவோம்.”

பிள்ளை பெற்றவளுக்கு எங்கள் பெண்கள் அப்படித்தான் செய்வார்கள். அவள் பங்கை மற்றவர்கள் நட்டுவிட்டு, கூலியில் அவளுக்கும் ஒரு பங்கு கொடுப்பார்கள். அந்த வழக்கத்தை அண்ணி மாட்டுக்குக் கொண்டுவந்தாள். முறை வைத்து ஒருத்தி நிற்பாள். காலை, உச்சி, சாயங்காலம் மூன்று தடவை பத்துக் கொட்டகையும் சுற்றி வருவாள். எது கத்துகிறது, எது தீனி தின்னவில்லை, எதற்குக் கண்ணாடி மாதிரி ஒழுக்கு வருகிறது என்று பார்ப்பாள். கண்டால் தெருமுனை மூங்கிலில் ஒரு சேலைக் கிழிசலைக் கட்டுவாள். ரோட்டில் போகிற கம்பவுண்டர் கிழிசலைப் பார்த்தால் சைக்கிளைத் திருப்புவார்.

புல்லும் உளுந்தங்கொடியும் தின்ற மாடு சித்திரையிலிருந்து ஒவ்வொன்றாகப் பருவத்துக்கு வந்தது. குறுவை நடவு முடிகிறபோது டாக்டர் வந்து மறுபடியும் கையை விட்டுப் பார்த்தார். பத்தில் ஒன்பது சினை. வாய்க்காலில் கை கழுவிக்கொண்டே, “யாரு பார்த்துக்கிட்டது?” என்று கேட்டார். “நான்தான் சார்” என்றேன். பின்னால் அண்ணி தொண்டையைச் செருமினாள். டாக்டருக்குப் புரிந்துவிட்டது, என்னைவிட்டு அவளிடம் பேச ஆரம்பித்தார்.

மாடுகள் வேறு வேறு மாசத்தில் சினை பிடித்ததால் வேறு வேறு மாசத்தில் ஈன்றன. அதற்குப் பிறகு எங்கள் கேன் ஒரு நாளும் கவிழ்ந்து கிடந்ததில்லை. ஒன்று வற்றினால் ஒன்று கறக்கும். கடன் அடைந்தது. கிடேரிக் கன்றுகளே அடுத்த வீடுகளுக்கு மாடாகப் போயின. அந்தக் கேனிலிருந்து வளர்ந்ததுதான் இந்தப் பால் சங்கம். லாபம் எங்கேயிருந்து வந்தது என்று இப்போது புரிகிறதா? மூன்று இடத்திலிருந்து வந்தது. காசு கொடுக்காமல் கிடைத்த பச்சை, மாட்டைப் பார்ப்பதற்கென்றே வீட்டில் நின்ற ஒரு பெண், தவறாமல் வருஷத்துக்கொரு கன்று. ஜெர்சி என்பதும், பாங்கு என்பதும், நீங்கள் வைத்திருக்கிற மெஷினும் இதற்குப் பிறகுதான். ஒருத்தி வந்து “மாடு கத்துது” என்று சொன்னால், கழுநீர் காட்டு என்று சொல்லி அனுப்பாதீர்கள். வேலையைப் போட்டுவிட்டுப் போய்ப் பாருங்கள்.

வீட்டோடு ஒருத்தி நிற்கிற யோசனை என்னுடையது என்று மேடை மேடையாகச் சொல்லியிருக்கிறேன். மாலையும் போட்டுக்கொண்டேன். அது அண்ணி யோசனை. இப்போது எழுதியாகிவிட்டது, மாற்ற முடியாது.

ஆனால் புல் என்னுடையது. அதை விட மாட்டேன்.

உங்களுக்குப் பயிற்சி நடக்கிற ஹாலில் சங்க வரலாறு என்று ஒரு பலகை மாட்டியிருக்கிறார்கள். போன வாரம்தான் பேத்தியை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். நான் வாசித்தால் தப்பாக வாசித்துவிட்டேனோ என்று சந்தேகம் வரும், அதனால் இரண்டு தடவை படிக்கச் சொன்னேன். பெரிய பண்ணையார் அவர்கள் ஏழைத் தொழிலாளர்மேல் இரக்கம் கொண்டு தம் வயல் வரப்புப் புல்லை மனமுவந்து வழங்கினார் என்று எழுதியிருக்கிறது. கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. துண்டுக்குள் நடந்த பேரம், காகிதத்தில் இல்லை, சாட்சி இல்லை. அதனால் வழங்கினாராம்.

வழங்கவில்லை. விற்றார். ஒவ்வொரு கலத்துக்கும் கால்படி வாங்கிக்கொண்டு விற்றார். அந்தக் கால்படியைக் கொடுத்தது எங்கள் தெருப் பெண்கள், அவர்களைக் கேட்காமலே. பேரம் பேசியது நான். அதற்காகத் தொழிலாளர் சங்கத்தை இழந்தேன், தோழரை இழந்தேன், துரோகி என்று பேர் வாங்கினேன். அந்தப் பேரை முப்பது வருஷம் சுமந்தவனுக்குப் பலகையில் ஒரு வரி இல்லையா?

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். கேட்கவில்லை, அண்ணி மாதிரிச் சொல்கிறேன். அந்த வரியை அழித்துவிட்டு இப்படி எழுதுங்கள்: வரப்புப் புல்லைப் பெரிய பண்ணையிடம் பேரம் பேசி வாங்கியவர் கா. தங்கராசு. அதற்குத் தங்கள் அறுப்புக் கூலியில் விலை கொடுத்தவர்கள் அஞ்சலையும் தெருப் பெண்களும். என் பேர் முதலில் வர வேண்டும். அண்ணி சண்டைக்கு வருவாள், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். தலைவரைக் கேட்க வேண்டும், தீர்மானம் போட வேண்டும் என்று என்னிடம் கதை சொல்லாதீர்கள். பலகை உயரத்தில் இருக்கிறது என்றும் சொல்லாதீர்கள். ஏணி என் வீட்டில் இருக்கிறது, நாளைக்குக் காலையில் நானே தூக்கிக்கொண்டு வருகிறேன்.